தலைக்கட்டு வரியும் கம்பெனிக் கால்வாயும்

நைனா,

போனை நீ எடுப்பதில்லை. அனுப்புகிற செய்தியைப் பார்த்துவிட்டாய் என்று தெரிகிறது, பதில்தான் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகள் மட்டும் பேசுகிறாள். "அவரு தூங்கறாரு அத்த" என்கிறாள். பின்னால் நீ டி.வி. சத்தத்தைக் கூட்டுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. பாவம், உனக்காகப் பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கும். நம் பக்கத்து மீனவர் சங்கப் பத்திரிகைக்காரர்கள், வார்டின் வரவு செலவு பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியதும் உன் முகம்தான் முன்னால் வந்து நின்றது. சரி, உனக்கே எழுதிவிடுகிறேன். கவுன்சிலர் தன் மகனுக்கு எழுதியதை ஊரே படித்தால் படிக்கட்டும். என்னைப் பற்றி நம் குப்பத்தில் பேசாத பேச்சு ஒன்றும் பாக்கியில்லை.

உன் அப்பா கன்டெய்னர் லாரியில் அடிபட்டுப் போனபோது உனக்கு விவரம் தெரியாத வயது. அதற்கு அடுத்த ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட ஊர் கூடியது. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. விசைப்படகு வைத்திருப்பவனும் கட்டுமரத்தில் போகிறவனும் ஒரே அளவுதான் கட்ட வேண்டும். நம் வீட்டு முறை வந்தபோது ஊர்த் தலைவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். "தாலி அறுத்த வூடு, அதுக்கு வோணாம், வுடு" என்றார். எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று நினைத்தேன். இறால் உரிக்கும் கொட்டகையில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை விறைத்துக் கிடந்தவளுக்கு அந்த வரி மிச்சமானால் பெரிய விஷயம்தானே.

அதற்கப்புறம் தெருக்குழாயை எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. நம் சந்தில் போடுங்கள் என்று நான் எழுந்து சொன்னேன். பின்னாலிருந்து ஒருவன், "உனுக்கு இன்னா பேச்சு? நீ இன்னா வரி கட்ற வூடா?" என்றான். யாரும் அவனை அதட்டவில்லை. குழாய் தலைவர் வீட்டு முனைக்குப் போனது. நீயும் நானும் குடம் தூக்கிக்கொண்டு நடந்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். அடுத்த வருஷம் கொலுசை அடகு வைத்து முழு வரியையும் கொண்டுபோய்த் தலைவர் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்றார். வாங்கிக்கொள்ளும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பவுனு அக்காவும் புருஷனை இழந்தவள்தான். அவளும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைசியில் வாங்கிக்கொண்டார்கள். நான் படித்த அரசியல் அவ்வளவுதான். கொடுத்தால்தான் கேட்க முடியும். வேண்டாம் என்று சொல்கிறவன் இரக்கத்தில் சொன்னாலும், நம் வாயையும் சேர்த்துத்தான் மூடுகிறான்.

பிறகு வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், ஊர்ப் பெரியவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். இவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எதிர்த்துப் பேசத் தெரியாது என்று எப்படித்தான் நினைத்தார்களோ. ஜெயித்து, மண்டல அலுவலகத்துக்கு முதல்முதலாகப் போன அன்று, சந்தன நிறச் சேலையும் நீ வாங்கித் தந்த கைப்பையுமாகப் பெரிய இடத்துக்குப் போவதுபோலப் போனேன். பையில் நம் தெருவுக்கு மழைநீர்க் கால்வாய் வேண்டும் என்ற மனு. அன்றிலிருந்து எத்தனை எஸ்டிமேட் போட வைத்திருப்பேன்! ஒவ்வொன்றும் 'நிதி இல்லை' என்று திரும்பி வந்தது. ஏன் இல்லை என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்டுக் கேட்டுத்தான் நான் கணக்குக் கற்றுக்கொண்டேன்.

உனக்கும் தெரிந்திருக்கட்டும். கவுன்சிலருக்கு என்று தரும் வார்டு மேம்பாட்டு நிதி தெருவிளக்குக்கும் உடைந்த சிலாப்புக்கும் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குமே போய்விடும். கால்வாய் மாதிரிப் பெரிய வேலை என்றால் மாநகராட்சியின் சொந்த வருமானம் வேண்டும், இல்லையென்றால் அரசு மானியம், அதுவும் இல்லையென்றால் கடன். சொந்த வருமானம் என்பது முக்கியமாகச் சொத்து வரியும் தொழில் வரியும். நம் குப்பம் கணக்கில் புறம்போக்கு. அங்கே பாதி வீட்டுக்கு வரியே கிடையாது. கேட்டுப் போனாலும் போட மாட்டார்கள். வரி வராத தெருவுக்குக் கால்வாய் கடைசியில்தான் வரும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நடப்பது அதுதான். வரி வர வேண்டிய இடம் ஒன்று நம் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது, மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி. புதிதாகக் கட்டிய கிடங்குகளுக்கு வரி போட்டார்கள். அளவு தப்பு, விகிதம் தப்பு என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. வழக்கு நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பணம் வந்தால் நம் கால்வாயைக் கட்டி, அதற்கு மேல் ஒரு ஆஸ்பத்திரியும் கட்டலாம் என்று வரிப் பிரிவில் இருந்த ஒரு பெண் ஒருநாள் பெருமூச்சு விட்டாள்.

அந்தக் கம்பெனியில்தான் நீ கான்டிராக்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கம்பெனியிலிருந்துதான் அந்த அதிகாரியும் நம் வீட்டுக்கு வந்தார். நீ ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து நல்ல நாற்காலி கொண்டுவந்து போட்டாய். சமூகப் பொறுப்பு நிதியில் நம் தெருவுக்குக் கால்வாய் கட்டித் தருகிறோம், மழைக்கு முன்னால் முடித்துவிடுவோம் என்றார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. அப்புறம் மெதுவாக, கம்பெனி விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வருகிறது, கவுன்சிலரும் ஊரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்றார். இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் சாம்பல், மழை பெய்தால் தெருவில் எண்ணெய் மிதக்கும் தண்ணீர். இதில் இன்னும் விரிவாக்கம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய்.

"இன்னாமா, சும்மா குட்க்கறத வாங்கிக்கினா உனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

"சும்மா குட்க்கல நைனா. கூட்டத்துல நம்ம வாய மூடறதுக்கு குட்க்கறான்."

"நீ வாயத் தொறந்து இன்னா கிழிச்ச? எஸ்டிமேட்டு போட்டு போட்டு ஆபீஸ் அலமாரிதான் ரொம்பிச்சி. தெருவுல தண்ணி அப்டியேதான் கீது. கம்பெனில என்னிய பர்மனன்ட் பண்றேன்னு சொல்லிக்கினு கீறாங்க. அதுலயும் மண்ண அள்ளிப் போடு."

கோபம் வந்தது, ஆனால் நீ சொன்னது பொய் என்று சொல்ல முடியவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை உனக்கு. எந்த மாதம் நிறுத்துவார்களோ என்ற பயத்திலேயே தினமும் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாய். இருந்தும் முடியாது என்றுதான் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் நமக்குத் தர வேண்டியது வரி. அதைத் தராமல் தடை வாங்கிவிட்டு, அதில் ஒரு கிள்ளு எடுத்துத் தானமாகக் கொடுக்க வருகிறார்கள். வரியாக வந்தால் கால்வாய் நம்முடையது. எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் என்று நாம் சொல்லலாம். தானமாக வந்தால் கொடுக்கிறவன் வைத்ததுதான் சட்டம். இதை ஊர்க்கூட்டத்திலும் சொன்னேன். முன்னே ஒரு படகு முதலாளி திருவிழாச் செலவு மொத்தமும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றபோது, அப்புறம் அம்மன் உன் வீட்டு அம்மன் ஆகிவிடும் என்று வேண்டாமென்ற ஊர்தானே இது என்று கேட்டேன். தலைவர் சிரித்தார். "அது சாமி, இது சாக்கடமா" என்றார்.

மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் திட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டேன். அம்மனுக்குப் போடுகிற மாதிரியே கால்வாய்க்கும் தலைக்கட்டு வரி போடுவோம், நம் பங்கைக் கட்டிவிட்டால் மண்டலத்தில் என்னால் மேஜையைத் தட்டிக் கேட்க முடியும் என்று வீடு வீடாகப் போனேன். பாதிப்பேர் கதவைச் சாத்தினார்கள். "கவர்மெண்டு செய்ய வேண்டியதுக்கு நாங்க இன்னாத்துக்கு அழுவணும்?" என்றார்கள். அதுவும் நியாயம்தான். முதலில் கொடுத்தவள் பவுனு அக்கா. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையோடு எடுத்துக் கொடுத்தாள். "சாமிக்கு குட்த்தா மழ வர்து, சாக்கடைக்கு குட்த்தா மழ போவுது. ரெண்டும் ஒண்ணுதான், புடி" என்றாள். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கொடுக்க ஆரம்பித்தார்கள். இடையில் உன்னைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று நீ என்னோடு சண்டைகூடப் போடவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

நம் பங்கு சேருவதற்குள் மழை வந்துவிட்டது. அன்று காலை என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பவுனு அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தவனே நீதான். மழை விட்டிருந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரண்டு நாளாய் வியாபாரம் இல்லை, காசிமேட்டுத் துறைமுகத்தில் சரக்கு வந்திருக்கும் என்று பவுனு அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். தெருமுனைச் சிறுபாலத்தின் மூடி பெயர்ந்து போயிருந்தது தண்ணீருக்கடியில் தெரியவில்லை. கூடை மிதந்து வந்து நம் வாசலில் முட்டியதைப் பார்த்துத்தான் நான் கத்தினேன். நீ குதித்து, முங்கி, முங்கி எழுந்து, கடைசியில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். நான் கொட்டகையில் இறால் உரித்த காலத்தில் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன் நீ. அவள் மகள் செல்வி வந்து விழுந்து அழுதாள். நீ அழவில்லை. எண்ணெய் ஒழுகும் முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாய். "வரி கட்ற வூட்ல ஒண்ணு கொறஞ்சிச்சி. கணக்குல எழுதிக்கோ" என்றாய்.

 அன்றிலிருந்து நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனிக்குச் சரி என்று சொல்லியிருந்தால் மழைக்கு முன்னால் கட்டி முடித்திருப்பார்களா? முடித்திருப்பார்கள் என்றுதான் எனக்கே தோன்றுகிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் சொன்ன நியாயம் சரியாக இருந்தது, பவுனு அக்கா செத்துப்போனாள். இரண்டும் உண்மை. ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை. நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதற்கு விலை கொடுப்பது நாமாக இருந்தால் பரவாயில்லை, அடுத்த வீட்டுக்காரியாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கருமாதி முடிந்த கையோடு நீ மருமகளை அழைத்துக்கொண்டு ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. அந்த அதிகாரி மறுபடி வந்தார், இந்த முறை நேராக மீன் ஏலக்கூடத்துக்கு. ஊரே உட்கார்ந்திருந்தது. கால்வாய் கட்டித் தருகிறோம், பவுனம்மாள் நினைவாக என்று கல்லும் வைக்கிறோம் என்றார். அவள் முழுப்பெயரை எங்கிருந்து தெரிந்துகொண்டாரோ.  எழுந்து பேச வாயைத் திறந்தேன். தலைவர் கை காட்டி என்னை நிறுத்தினார். அவர் குரலில் கோபம் இல்லை. "கையெழுத்து போட்ருமா. இன்னும் எத்தினி பேர தூக்கிக்கினு வர்றது?" என்றார். சம்மதமா என்று கேட்டதற்குக் கைகள் உயர்ந்தன. செல்வியின் கையும் உயர்ந்தது. அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்தேன். 'ஆட்சேபணை இல்லை' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் நாங்கள் சேர்த்த வரிப்பணத்தை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன்.  பவுனு அக்காவின் பங்கைச் செல்வியிடம் நீட்டினேன். வாங்க மாட்டாள் என்று ஏதோ ஒரு நப்பாசை எனக்கு. அவள் வாங்கி, எண்ணிப் பார்த்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் வீட்டில் அரிசி இல்லை. ஆனால் வாசலில் நின்ற எனக்கு, அன்று மணலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பவுனு அக்கா இப்போதுதான் எழுந்து போனாள் என்று பட்டது. அங்கேயே நின்று அழுதேன்.

வேலை ஆரம்பித்துவிட்டார்கள். வேகமாகத்தான் கட்டுகிறார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். கால்வாய் கம்பெனி மதிலில் தொடங்கி நம் தெரு வழியாகக் கடலுக்குப் போகிறது. மதில் ஓரத்தில் பெரிய குழாய் ஒன்றுக்கு வாய் விட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் தெருவில் விழப்போகிறது, மதிலுக்குள்ளிருந்து குழாய் எதற்கு என்று நம் உதவிப் பொறியாளரைக் கேட்டேன். "அவங்க காசு, அவங்க டிசைன், மேடம். நாம எப்படிக் கேக்கறது?" என்றார். அவர் நல்ல பையன்தான். நான் எஸ்டிமேட் கேட்டு நச்சரித்தபோதெல்லாம் மழையில் நனைந்துகொண்டு வந்து அளந்தவர். அவரே கேட்க முடியாது என்கிறார். நாளைக்கு அந்தக் குழாயில் எது வந்தாலும், நீங்கள்தானே ஆட்சேபணை இல்லை என்றீர்கள் என்பார்கள். கையெழுத்து என்னுடையது.

இதனால்தான் உனக்குச் சொல்கிறேன். நீ இப்போது இருக்கும் இடம் ஊராட்சி என்று மருமகள் சொன்னாள். சம்பளத்தில் தொழில் வரி என்று பிடித்தால் முணுமுணுக்காதே, அது அந்த ஊராட்சிக்குப் போகிற பணம். கிராம சபை கூடும்போது லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார். வரவு செலவை ரயில் வேகத்தில் வாசிப்பார்கள், மற்றவர்கள் போண்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தக் கம்பெனி எவ்வளவு வரி கட்டியது, எது பாக்கி என்று நீ கேள். வெளியூர்க்காரன் உனக்கு என்ன என்பார்கள். என் சம்பளத்திலும் பிடிக்கிறீர்களே என்று சொல். அசிங்கமாக இருக்கும், காது கூசும். இருந்தாலும் கேள். தண்ணீர் இடுப்புக்கு வந்த பிறகு கேட்டால் யார் கொடுத்தாலும் வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

நேற்று சாயங்காலம் அந்த அதிகாரி வீட்டுக்கு வந்தார். கூப்பிடாமலே உள்ளே வந்து உட்கார்ந்தார். இந்த முறை டீயைக் குடித்தார். "தம்பியைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்க மேடம். பர்மனன்ட்தான். ஆர்டர் ரெடியா இருக்கு" என்றார். நான் வேலை கேட்கவில்லை நைனா. உன் பெயரை அவர்களிடம் நான் ஒருநாளும் எடுத்ததில்லை, இதை நீ நம்ப வேண்டும். நீ வந்து சேர்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். மகனுக்கு நல்ல விலை வரட்டும் என்று பவுனு சாகும்வரை காத்திருந்தாள் என்று சொல்லும். சொல்லட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். மருமகளுக்கு இது ஏழாவது மாதம். அங்கே நீ பார்ப்பதும் கான்டிராக்ட் வேலைதான். அதனால் வராதே என்று எழுதக் கை வரவில்லை. வா என்று எழுதவும் வரவில்லை. செய்தியைச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். மண்டல அலுவலகத்தில் எத்தனையோ வேலை வாங்கியிருக்கிறேன். விளக்கு எரிந்திருக்கிறது, சிலாப் போட்டிருக்கிறார்கள், கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கும் நான் நன்றி சொன்னதில்லை. ஊர் கட்டிய வரியில் ஊருக்குச் செய்கிறார்கள், இதில் நன்றி என்ன என்று திமிராகத்தான் வெளியே வருவேன். நேற்று அந்த மனுஷர் வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியில் நின்றேன். என்னை அறியாமல் இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றி சார்" என்றேன். நீ வந்தால் தினமும் காலையில் அதைச் சொல்லிக்கொண்டுதான் அந்த கேட்டுக்குள் போக வேண்டியிருக்கும்.

அம்மா